நல்ல சவரக் கத்தியும் நாணயமான பட்டறையும்

மனிதன் நாள்தோறும் கையாளும் கருவிகளில் சவரக் கத்தியைப் போல் அவன் தோலுக்கு நெருக்கமானது வேறொன்று இல்லை. பேனாவை எழுதிப் பார்த்து வாங்குகிறோம். செருப்பைப் போட்டு நடந்து பார்த்து வாங்குகிறோம். கைப்பேசி வாங்குமுன் விடுதியில் உள்ள அத்தனை பேரையும் கேட்கிறோம். ஆனால், கூரிய எஃகுத் தகட்டைத் தொண்டைக் குழியின்மேல் ஓட்டும் கருவியை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். இது வியப்பல்லவா?

இக்கட்டுரையில் நான் ரேசர் என்று குறிப்பது, இரு புறமும் கூருள்ள பிளேடை நடுவில் வைத்து, மேலே மூடியிட்டுத் திருகும் பழைய வகையை. எங்கள் ஊர்க் கடைகளில் இதை ‘ஷேவிங் செட்’ என்பார்கள். இருநூறு ரூபாய்க்கும் இது கிடைக்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இந்த வேறுபாடு எதனால்? கூடுதல் பணத்துக்கு நாம் பெறுவது யாது? பெரிய கம்பெனியை விட்டு, இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு பட்டறையில் அதை வாங்கினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

இழைப்புளி தந்த யோசனை

பதினெட்டாம் நூற்றாண்டில் பெரே என்னும் பிரெஞ்சுக் கத்தித் தொழிலாளி, தச்சரின் இழைப்புளியைப் பார்த்து, சவரக் கத்திக்கு ஒரு மரக் காப்பு அமைத்தார். இழைப்புளியில் உளி முழுவதும் வெளியே தெரிவதில்லை. மயிரிழையளவே எட்டிப் பார்க்கும். மரத்தை ஆழமாகப் பெயர்க்காமல் மெல்லிய சுருளாகச் சீவுவதன் இரகசியம் அதுவே. ரேசரின் தத்துவமும் இதுதான். 1880இல் நியூயார்க்கில் காம்ஃபே சகோதரர்கள் காப்புள்ள ரேசருக்கு உரிமை பெற்றார்கள். ஆயினும் அதன் பிளேடை அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது.

தீட்ட வேண்டாத, தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடு என்னும் எண்ணம் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895இல் உதித்தது. அவர் விற்பனையாளர், உலோக நூல் அறிந்தவர் அல்லர். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினப்படுத்தும் வழியையும், அதற்கான இயந்திரங்களையும் கண்டவர் வில்லியம் நிக்கர்ஸன் என்னும் பொறியாளர். 1903ஆம் ஆண்டில் அவர்கள் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. அடுத்த ஆண்டில் ரேசர் விற்பனை 90,000ஐ எட்டியது.

1904இல் பெற்ற அந்த உரிமை 1921இல் காலாவதியாயிற்று. நமக்கு முக்கியமான செய்தி இது. அன்றுமுதல் அவ்வகை ரேசரை எவரும் செய்யலாம் என்றாயிற்று. பிளேடின் அளவும் நாளடைவில் உலகப் பொதுவாகிவிட்டது. எந்த நாட்டுப் பிளேடும் எந்த நாட்டு ரேசரிலும் பொருந்துகிறது. தன் ரேசரில் தன் பிளேடு மட்டுமே செல்லும் என்று கட்டிப்போடும் இன்றைய கார்ட்ரிட்ஜ் ரேசர்களுக்கு நேர்மாறானது இது. இந்தப் பொதுமை இருப்பதால்தான், லேத்தும் கணினிக் கடைசல் இயந்திரமும் உள்ள ஒரு சிறு பட்டறை பெரிய கம்பெனிக்கு ஈடாக ரேசர் செய்ய முடிகிறது.

முடியும் எஃகும்

பிளேடு ஏறத்தாழ 43 மி.மீ. நீளமும், 22 மி.மீ. அகலமும், 0.1 மி.மீ. கனமும் உள்ள தகடு. சுமார் 13 சதவிகிதம் குரோமியம் கலந்த எஃகால் ஆனது. அதன் கூர்முனையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தோலில் உராயாமல் வழுக்கிச் செல்ல டெஃப்ளான் வகைப் பூச்சும் இட்டிருப்பார்கள்.

எஃகைவிட முடி ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருக்க, மென்மையான முடியை வெட்டும் எஃகு மழுங்குவானேன்? அமெரிக்காவின் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரோஸ்கியோலி, டாஸன் முதலியோர் இதை ஆராய்ந்து 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ரோஸ்கியோலி தம் முகத்தையே சவரம் செய்து, பிளேடின் முனையை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முனை கல்லில் தேய்வதுபோல் சீராகத் தேய்ந்திருக்கவில்லை. ஆங்காங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. முடி நிமிர்ந்து நின்று நேராக வெட்டுப்பட்டால் முனைக்குச் சேதம் இல்லை. முடி வளைந்து பிளேடைப் பக்கவாட்டில் தள்ளும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில் சில்லு பெயர்கிறது.

இதிலிருந்து நாம் அறியக்கூடியவை இரண்டு. முதலாவது, முடியை நன்றாக நனைக்க வேண்டும். வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறிய முடியை வெட்டப் பாதி விசைகூட வேண்டியதில்லை. இரண்டாவது, பிளேடு அதிராமல் இறுகப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். முதலாவது நம் கையில் இருக்கிறது. இரண்டாவது ரேசரைச் செய்தவர் கையில் இருக்கிறது.

மூன்று அளவுகள்

ரேசரின் தலை, மூடியும் அடித்தட்டும் சேர்ந்தது. அதன் குணத்தை மூன்று அளவுகள் நிர்ணயிக்கின்றன.

ஒன்று, இடைவெளி. பிளேடின் கூருக்கும் கீழேயுள்ள காப்புக்கும் நடுவே உள்ள தூரம் இது. பெரும்பாலும் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை இருக்கும்.

இரண்டு, நீட்டம். மூடியையும் காப்பையும் தொட்டுக்கொண்டு ஒரு நேர்கோடு வரைந்தால், அது நம் தோலின் மட்டம் எனலாம். அக்கோட்டுக்கு வெளியே பிளேடு எவ்வளவு துருத்துகிறதோ அதுவே நீட்டம். இழைப்புளியின் உளி எட்டிப் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, கோணம். பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 டிகிரியில் சாய்ந்திருப்பது நல்லது.

பலர் இடைவெளியை மட்டும் பார்த்து, ‘இது மென்மை, இது கடுமை’ என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் தோலைக் கீறுவதற்கு நீட்டமே முக்கியக் காரணம். கனடாவில் விமான உறுப்புகளைக் கடைந்துவந்த பட்டறை ஒன்றிலிருந்து பிறந்தது ஹென்ஸன் ரேசர். அதன் மென்மையான வகைக்கு அவர்கள் கூறும் நீட்டம் ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் 13 பங்கு, அதாவது 0.033 மி.மீ. சராசரித் தாடி முடியின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு நுட்பமான அளவை ஒவ்வொரு ரேசரிலும், இரு பக்கத்திலும் பிசகாமல் காப்பதே கடினமான காரியம். விலை உயர்ந்த ரேசருக்கு நாம் கொடுக்கும் பணத்தின் நியாயம் இதில்தான் இருக்கிறது, பளபளப்பில் இல்லை.

உலோகத்தின் பங்கு

மலிவு ரேசர்களின் தலை பெரும்பாலும் துத்தநாகத்தோடு சிறிதளவு அலுமினியம் கலந்த உலோகத்தை அச்சில் வார்த்து, மேலே குரோமியம் முலாம் பூசியது. வார்ப்பது விரைவு, செலவும் குறைவு. முலாம் இருக்கும்வரை குறையில்லை. திருகு மரையில் அது பெயர்ந்து ஈரம் உள்ளே சென்றால் துத்தநாகம் அரிக்கப்படும். தலை ஒருநாள் முறியவும் கூடும். பித்தளை இதைவிட உறுதியானது. எவர்சில்வரில் 316 என்னும் தரத்தில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு நீரும் அதை எளிதில் அரிப்பதில்லை. ஆனால் அதைக் கடைவது கடினம்; கருவி தேயும், நேரம் ஆகும், விலை ஏறும்.

எடையும் கவனிக்கத்தக்கது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியக் கலவை 4.4, எவர்சில்வர் 8, பித்தளை 8.5. கனமான ரேசர் தன் எடையாலேயே வேலை செய்யும், அழுத்த வேண்டியதில்லை. இலேசான ரேசரில் கை அறியாமல் அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள் கனமானதைத் தேர்வது நலம்.

கணக்குப் பார்ப்போம்

பணம் மிச்சமாகும் என்று சொல்லி விலை உயர்ந்த ரேசரை விற்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 150 சவரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளேடு ஐந்து முறைக்கு வந்தால் 30 பிளேடுகள். நான் வாங்கும் கடையில் பிளேடு 4 ரூபாய். ஆக 120 ரூபாய். கார்ட்ரிட்ஜ் ஒன்று 110 ரூபாய், பன்னிரண்டு முறை வரும் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 ரூபாய். மிச்சம் 1,280 ரூபாய்.

ஆனால் 400 ரூபாய் ரேசரிலும் இதே மிச்சம்தான்! அது நான்கு மாதத்தில் தன் விலையை மீட்டுத் தந்துவிடும். 4,800 ரூபாய் ரேசருக்கு நான்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே சிக்கனத்துக்காக மட்டும் வாங்குபவர் மலிவானதிலேயே நேரானதைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும். தேசம் முழுவதும் பெட்டிக்கடைகளில் பிளேடு கிடைப்பது நமக்குள்ள பெரும் வசதி. அயல்நாடுகளில் இதே பிளேடுக்குத் தபாலில் எழுதிப் போட்டுக் காத்திருப்பவர்கள் பலர்.

நான் விலை உயர்ந்ததைத் தேடியதற்குக் காரணம் வேறு. எங்கள் குடும்பம் பாட்டனார் காலத்தில் உடுமலைப் பக்கத்திலிருந்து இடுக்கி மாவட்டத்துக் காந்தலூரில் குடியேறியது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பூண்டும் கேரட்டும் பயிரிட்டு வாழ்கிறோம். அப்பாவுக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறு கீறலும் ஆற நாளாகிறது. ஆறாத புண்ணோடு மண்ணிலும் எருவிலும் வேலை செய்ய வேண்டும். மார்கழிக் குளிரில் குழாய் நீரைத் தொடவே முடியாத ஊரில், முலாம் பெயர்ந்த பழைய ஷேவிங் செட் ஒன்றை அவர் பயன்படுத்திவந்தார். அவர் கன்னத்தில் கீறல் இல்லாத வாரமே இல்லை. உபகாரச் சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு, நீட்டம் மிகக் குறைந்த, கனமான, அரிக்காத ரேசர் ஒன்று வாங்க நிச்சயித்தேன்.

பட்டறையைத் தேர்தல்

சிறு உற்பத்தியாளர் நிலை எங்கள் ஊராருக்குப் புதிதன்று. பக்கத்து மறையூரில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கையால் உருண்டை பிடித்த வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. காந்தலூர், வட்டவடைப் பூண்டு 2023இல் பெற்றது. வெளியூர் வெல்லத்தை மறையூர்ப் பெயரில் விற்றவர்களால் உண்மையாகக் காய்ச்சியவர்கள் நலிந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். ரேசரிலும் இது உண்டு. எங்கோ தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கித் தம் பெயரைப் பொறித்து விற்போர் பலர். அது குற்றமன்று. ஆனால் குறை நேர்ந்தால் அவர்களால் திருத்தித் தர இயலாது.

ஆகையால் மூன்று இடங்களுக்கு ஐந்து கேள்விகள் எழுதினேன்.

1. தலையை நீங்களே கடைகிறீர்களா?
2. உலோகம் எது, என்ன தரம்?
3. இடைவெளி, நீட்டம் எத்தனை? எவ்வளவு பிசகை அனுமதிக்கிறீர்கள்?
4. மூடியோ தட்டோ பழுதானால் தனியாகக் கிடைக்குமா?
5. எத்தனை நாளில் தருவீர்கள்? குறை இருந்தால் யார் செலவில் திருப்புவது?

ஓரிடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னோரிடத்திலிருந்து ‘உலகத் தரம்’ என்ற இரண்டே சொற்கள் வந்தன. மூன்றாவது, கோயம்புத்தூரில் அண்ணன் தம்பி இருவர் நடத்தும் பட்டறை. அவர்கள் ஐந்துக்கும் எண்ணோடு பதில் எழுதினார்கள்: தரம் 316, இடைவெளி 0.60, நீட்டம் 0.03, இரு பக்கத்துக்கும் வேறுபாடு 0.02க்கு மேற்படாது. எண்ணைச் சொல்பவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்கிறார். வாங்குபவருக்கு அதைவிட உறுதிமொழி வேறென்ன வேண்டும்?

விலை 4,800 ரூபாய். பாதி முன்பணம், பாதி அனுப்பும் முன்பு. இருபது நாள் என்றார்கள். முப்பத்து நான்கு நாள் ஆயிற்று. ஆனால் இருபத்தோராம் நாள் அவர்களே அழைத்து, எஃகுக் கம்பி வந்து சேரவில்லை என்று தெரிவித்தார்கள். சிறு பட்டறையில் தாமதம் இயல்பு. இருவர் கையில் உள்ள வேலை அது. சொல்லாமல் தாமதிப்பதுதான் பொறுக்கத்தகாதது.

குறையை எப்படிச் சொல்வது?

வந்த ரேசரில் பிளேடை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒரு பக்கம் பிளேடு சற்று அதிகமாக எட்டிப் பார்ப்பதுபோல் தோன்றியது. பௌதிக ஆய்வுக்கூடத்தில் நாமெல்லோரும் கையாளும் நகரும் மைக்ராஸ்கோப், 0.01 மி.மீ. வரை அளக்கக்கூடியது. அதில் வைத்து, மூடியின் விளிம்புக்கு வெளியே தெரியும் பிளேடை அளந்தேன். ஒரு பக்கம் 0.72, மறுபக்கம் 0.80. அவர்கள் சொன்ன பிசகைப்போல் நான்கு மடங்கு!

ஆனால் குறை ரேசரிலா, பிளேடிலா? இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பிளேடை எடுத்து, இடவலம் மாற்றி வைத்து மறுபடி அளக்க வேண்டும். பிளேடு கோணலாயின் அதிகமான பக்கமும் அதனோடு இடம் மாறும். மூன்று வெவ்வேறு பிளேடுகளில் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மூடியின் அதே பக்கத்தில்தான் மிகுதி நின்றது. குறை மூடியில் என்பது ஐயமற விளங்கிற்று.

‘உங்கள் சரக்கு மோசம்’ என்று நான் எழுதவில்லை. அளந்த முறையையும், ஆறு அளவுகளையும், இரண்டு படங்களையும் அனுப்பினேன். அன்று மாலையே மூத்தவர் பேசினார்.

“தம்பி, நீங்க சொன்ன கணக்கு சரிதானுங்க. மூடியில பின் போட்ட துளை கொஞ்சம் நகர்ந்திருக்குது. பிளேடைக் கழற்றிட்டு அனுப்பி வைங்க. கூரியர் காசு எங்களோடதுங்க.”

எட்டு நாளில் புதிய மூடி வந்தது. அளந்தேன்: 0.76, 0.77. அப்பா அதைப் பயன்படுத்தத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. இதற்குள் இரண்டு முறை மட்டும் சிறு கீறல். அவர் இப்போது வெந்நீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டுதான் பிளேடைத் தொடுகிறார்; அந்தப் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரு பட்டறையில் குறைபட்ட பொருள் வந்ததென்றால் உடனே அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. குறையைச் சொன்னபோது அவர்கள் நடந்துகொண்ட விதத்தைக் கொண்டே அவர்களை மதிப்பிட வேண்டும். வாங்குபவருக்கும் கடமை உண்டு. குறையை எண்ணால் சொல்லவேண்டும். பேரம் பேசிக் கூலியைக் குறைக்கலாகாது. அவர்கள் திருத்தித் தந்தால் அதையும் நாலு பேரிடம் சொல்லவேண்டும்.

சட்டம் தரும் காப்பு

எல்லாரும் இப்படி நடப்பார்கள் என்று சொல்ல இயலாது. ஆதலால் சில விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. பொதியில் அடைத்து விற்கும் பொருளில் செய்தவர் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலையும், புகார் செய்யவேண்டிய இடமும் அச்சிட்டிருக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்பவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே பில் கேளுங்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கோயம்புத்தூர்ச் சரக்குக்குக் காந்தலூர்க்காரர் இடுக்கி மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் வரையில் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. எனினும் மனுவுக்கு முன் ஒரு தெளிவான கடிதம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

இறுதியாக, நண்பர்களுக்குச் சில யோசனைகள். புதிதாகத் தொடங்குபவர் மலிவான ரேசரிலேயே தொடங்குக. பிளேடு இரு பக்கமும் சமமாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குக. தோல் மென்மையானவரும் புண் எளிதில் ஆறாதவரும் நீட்டம் குறைந்ததைத் தேடுக. அறைத் தோழனேயாயினும் பிளேடைப் பகிர்ந்துகொள்ள வேண்டா. இரத்தத்தால் பரவும் நோய்கள் உள்ளன. பழைய பிளேடுகளைக் குப்பையில் எறியாமல், மூடியில் கீறலிட்ட தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். நம் விடுதியைக் கூட்டுபவரின் விரல்களும் விரல்களே. விலை உயர்ந்ததை வாங்க நினைப்பவர், பணத்தை எடுக்குமுன் அந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். எண்ணோடு பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.